நீங்கலாகத்தார்

மனித குலத்தில் நீங்கலாகத்தார் என்று ஓர் இனம் உண்டு. பிறப்பால் வருவதில்லை, எண்ணக் கற்றுக்கொண்ட பிறகு வருவது. கூடையில் எத்தனை ஆப்பிள் என்று கேட்டால் உங்களையும் என்னையும் போன்ற சாதாரணப் பிறவிகள் ஆப்பிளை எண்ணுவோம். நீங்கலாகத்தார் அப்படி அவசரப்படமாட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எதை நீக்கிட்டுக் கேக்கறீங்க?" என்பார். அழுகினது நீங்கலாக, அடிபட்டது நீங்கலாக, பக்கத்து வீட்டுக்கென்று எடுத்து வைத்தது நீங்கலாக, பச்சையா பழமா என்று சந்தேகத்துக்கு இடமானது நீங்கலாக என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் ஓர் எண்ணைச் சொல்வார். அதற்குள் உங்களுக்குப் பசியே போயிருக்கும்.

இவர்களை எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறீர்களா? எங்கே பார்க்க முடியாது என்று கேளுங்கள். ஆனால் அந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒருவர் வேண்டுமென்றால் நீங்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் கூராபினுக்குத்தான் வரவேண்டும். பெயர் மெர்வின் ஹாக்கெட். ஊருக்கு மெர்வ். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பின் செயலாளர். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் ரயிலடிப் பக்கத்துக் கோதுமைக் கிடங்கில் எடை போட்டவர். லாரி லாரியாக வரும் கோதுமையில் ஈரம் கழித்து, பதர் கழித்து, தூசி கழித்து, செத்த வெட்டுக்கிளி கழித்துச் சீட்டு எழுதியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா?

கிளப்பின் வெள்ளிவிழாவில் யாரோ ஒரு புதுப் பாதிரியார் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார், "உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம், மெர்வ்?"

"நாப்பத்தோரு வருஷம், ஃபாதர். ஐரிஸ் கோவிச்சுக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போன மாசங்க நீங்கலா."

பக்கத்தில் தட்டில் ஸ்கோன் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஐரிஸ் தலையைத் தூக்காமலே சொன்னார்: "நாம பேசிக்காத நாளையும் நீக்கிட்டுச் சொல்லு, மெர்வ். இன்னும் தேனிலவே முடிஞ்சிருக்காது."

மெர்வ் சிரிக்கவில்லை. அதையும் கழிக்கலாமா என்று யோசித்த மாதிரிதான் இருந்தது.

இப்படிப்பட்ட ஆள் கையில் ஒரு லேப்டாப்பும் அதில் ஓர் எக்செல் ஷீட்டும் கிடைத்தால் என்ன ஆகும்? குழந்தை கையில் பெயின்ட் டப்பா கிடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. கிளப்பில் உறுப்பினர் முப்பத்தோரு பேர். மெர்வ் எல்லோரையும் கட்டத்துக்குள் போட்டார். பெயர், விலாசம், தொலைபேசி, கடைசியாக "குறிப்பு" என்று ஒரு பத்தி. அந்தப் பத்திதான் அவருடைய உயிர். சந்தா கட்டாதவருக்கு எதிரே "காலாவதி". இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டு படுத்திருப்பவருக்கு எதிரே "உடல்நிலை". குளிர் தொடங்கினதுமே காரின் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு வடக்கே வெயில் தேடிப் போய்விட்டவர்களுக்கு எதிரே "வடக்கே". தன் பெயருக்கு எதிரே, மிகுந்த மரியாதையோடு, "செயலாளர், ஆடுவதில்லை".

வாராவாரம் தவறாமல் வந்து, வாயைத் திறக்காமல் ஆடி, தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகிற ஆர்ச்சி மாதிரி ஆட்களுக்கு எதிரே? ஒன்றும் இல்லை. வெற்றுக் கட்டம். ஒழுங்காக இருக்கிறவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

இந்த இனத்துக்கு ஒரு குலச்சின்னம் இருக்கிறது. "இதற்குச் சமமில்லை" என்று ஃபார்முலாவில் போடுவார்களே, அந்தக் குறி. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கிற மாதிரி இரண்டு கொக்கிகள். மெர்வ் அந்தக் குறியை அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோயிலில் கற்பூரம் காட்டுகிறவர் முகத்தில்கூட அத்தனை பக்தி இருக்காது. காலாவதிக்குச் சமமில்லை. உடல்நிலைக்குச் சமமில்லை. வடக்கேக்குச் சமமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு.

சரி, அவர் பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வெகுநாள் ஒன்றும் இல்லைதான். கடைசியில் தெல்மா வார்பர்ட்டனுக்கு அந்த நஷ்டம் வரப் பார்த்தது.

தெல்மா எங்கள் ஊர்த் தபாலாபீஸை ஒற்றை ஆளாக நடத்தியவர். கவுண்டருக்குப் பின்னாலிருந்து பேசிப் பழகிய குரல், தெருவுக்கு அந்தப் பக்கம் கேட்கும். புருஷன் போய்ச் சேர்ந்து, கண்ணில் புரை விழுந்து, கார் ஓட்டும் லைசென்சையும் திருப்பிக் கொடுத்த பிறகு, அந்த அம்மாளுக்கு வாரத்தில் மிச்சமிருந்தது சனிக்கிழமை மட்டும். அன்று வெள்ளை உடை உடுத்தி, தொப்பி போட்டு, வீட்டிலிருந்து நடந்தே கிளப்புக்கு வந்துவிடுவார். வழித்த புல்தரையில் கனத்த பந்தை உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற ஆட்டம். வெள்ளைப் பந்து அவருக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் அவர் கை போன வழி தவறாது.

இந்த வருஷம் மாவட்டச் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. சீசனில் ஆட வருகிற ஆட்கள் பதினாறு பேராவது இருக்கும் கிளப்தான் தனி அணி வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க் கிளப்போடு சேர்ந்துவிட வேண்டும். பக்கத்து ஊர் என்றால் டம்பரூ. பக்கம் என்பது சங்கத்துக்காரர்களின் வரைபடத்தில். பஸ் கிடையாது, நடுவில் நாற்பது கிலோமீட்டருக்குக் கங்காருவும் வயலும்தான்.

"டம்பரூவோட சேத்தா என் கதை முடிஞ்சுது" என்று தெல்மா நேராகவே சொல்லிவிட்டார். "ஒவ்வொரு வாரமும் யார் கார்லயாவது தொத்திக்கிட்டுப் போய், போற வழியெல்லாம் நன்றி சொல்லிக்கிட்டே போக எனக்கு வராது. சனிக்கிழமையும் ஜன்னல் பக்கம் உக்காந்து தெருவப் பாக்கணும்னா, அதுக்கு நான் தபாலாபீஸ்லயே செத்திருக்கலாம்."

இதைச் சொல்லும்போது குரல் ஒரு நொடி உடைந்தது. தெல்மாவின் குரல் உடைந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. தலைவர் டட்லி, நல்ல மனிதர், எதற்கும் முடிவு சொல்லத் தெரியாதவர், அவசரமாக டீக்கு உத்தரவு போட்டார்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. "நம்மகிட்ட எத்தனை பேர் இருக்கோம், மெர்வ்?" என்று டட்லி கேட்டார்.

"எதை நீக்கிட்டு?"

"ஐயோ சாமி" என்றார் தெல்மா. "ஆட வர்றவங்க எத்தனை பேர்? அவ்வளவுதான். சனிக்கிழமை வாசல்ல நின்னு விரல் விட்டு எண்ணினாத் தெரிஞ்சிடும்."

"விரல் விட்டு எண்றதுல தப்பு வரும், தெல்மா. விரலுக்கு நிபந்தனை வைக்க முடியாது."

லேப்டாப்பைத் திறந்தார். காலாவதி நீங்கலாக, உடல்நிலை நீங்கலாக, வடக்கே நீங்கலாக, ஆடாதவர் நீங்கலாக. தட்டினார். திரையில் விடை வந்தது. கூராபின் பவுல்ஸ் கிளப்பில் ஆட வருகிற உறுப்பினர்கள் பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

ஊர் முழுவதையும் ஆடு மாடு நாய் கோழியோடு சேர்த்தாலும் அதில் மூலைக்குக்கூடக் காணாது. டட்லிதான் மெதுவாகச் சொன்னார்: "சனிக்கிழமை விருந்துக்குச் சாசேஜ் கொஞ்சம் கூடுதலா வாங்கணும் போலிருக்கே."

என்ன நடந்தது என்றால், மெர்வ் பத்தி முழுவதையும் எண்ணச் சொல்லிவிட்டார். உறுப்பினர் முப்பத்தொருவர் முடிந்த இடத்தோடு ஷீட் முடிந்துவிடுகிறதா? அதன் கீழே லட்சக்கணக்கில் காலிக் கட்டங்கள் அடித்தளம் வரைக்கும் இறங்கிப் போகின்றன. காலிக் கட்டம் காலாவதியும் இல்லை, உடம்பு சரியில்லாததும் இல்லை, வடக்கே போகவும் இல்லை. ஆகவே ஃபார்முலாவின் கண்ணில் அத்தனையும் ஆட வரத் தயாராக நிற்கிற உறுப்பினர்கள்.

வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டு, முப்பத்தோரு வரியையும் கண்ணால் எண்ணிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கலாகத்தார் வெட்கப்பட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கழித்துத் தப்பு வந்தால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இன்னும் ஒன்றைக் கழிப்பது. "காலிக் கட்டத்தையும் நீக்கிட்டாப் போச்சு" என்று மெர்வ் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். "சனிக்கிழமை சங்கத்து அம்மா வர்றாங்க இல்லையா, அவங்க முன்னாடியே போட்டுக் காட்டறேன்."

"முன்னாலேயே ஒரு தடவை போட்டுப் பாத்துக்கோயேன்" என்றார் டட்லி.

"விடைய முன்னாடியே பாக்கறது நடுநிலை ஆகாது."

சனிக்கிழமை சங்கத்திலிருந்து ஷோனா பிரிட் என்ற அம்மாள் வந்தார். காரியத்தில் கண்ணான மனுஷி. அதற்கப்புறம் இரண்டு ஊர் போக வேண்டும் என்று உட்காரும்போதே சொல்லிவிட்டார். ஆட வந்தவர்கள் வெள்ளை உடையும் தொப்பியுமாகக் கூடத்தில் நிறைந்து நின்றார்கள். ஆர்ச்சி வழக்கம்போலக் கதவோரம். தெல்மா முன்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மெர்வ், இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்து வாரக் கடைசியில் சீட்டுக் குலுக்கும் மேஜையில் லேப்டாப்பை வைத்து, சுவரில் பெரிதாக விழும்படி ஒளியைப் பாய்ச்சினார். கோட்டு வேறு போட்டிருந்தார்.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். கடைசியாக, "காலிக் கட்டம் நீங்கலாக" என்று நிறுத்தி, சபையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தட்டினார்.

சுவரில் 2 என்று விழுந்தது.

"ரெண்டா?" என்றார் ஷோனா.

"கொஞ்சம் பொறுங்க." மெர்வின் நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அதுல ஒண்ணு தலைப்பு வரி. 'குறிப்பு'ங்கற வார்த்தையையே ஒரு ஆளா எண்ணிருக்கு. அதையும் நீக்கிடறேன்."

நீக்கினார். சுவரில் 1 என்று விழுந்தது.

இப்போது நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். காலிக் கட்டத்தை நீக்கியபோது கீழே கிடந்த பத்து லட்சம் கட்டங்களோடு ஆர்ச்சியும் போய்விட்டார். அவரைப் போல வாராவாரம் வந்து, மெர்வின் பேனாவுக்கு வேலை வைக்காமல் ஆடிவிட்டுப் போகிற பதிமூன்று பேரும் போய்விட்டார்கள். குறிப்பு இருந்தவர்களை ஏற்கெனவே கழித்தாயிற்று. குறிப்பு இல்லாதவர்களை இப்போது கழித்தாயிற்று.

"கிளப்புல ஒரே ஒரு ஆள்தானா?" ஷோனா பேனாவை மூடினார். "அப்போ நான் டம்பரூவுக்கே சொல்லிடறேன்."

தெல்மா கைப்பையால் மடியில் ஓங்கி அடித்தார். "மெர்வ், திரும்பிப் பாரு. இந்தக் கூடம் நிறைய ஆளுங்க நிக்கறாங்க. ஆர்ச்சி, ஒரு வார்த்தை பேசுப்பா!"

ஆர்ச்சி இருமினார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

"ஃபார்முலா தப்பு பண்ணாது, தெல்மா" என்றார் மெர்வ், கொஞ்சம் தடுமாற்றத்தோடு.

"சரி. அந்த ஒரு புண்ணியவான் யாரு? அதையாவது காட்டு."

மெர்வ் தட்டினார். தட்டிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். லேப்டாப்பை மூடக் கை போயிற்று, அதற்குள் சுவரில் ஒற்றை வரி எழும்பி நின்றது. தெல்மா வார்பர்ட்டன். ரயில்வே தெரு. குறிப்பு: வம்பு. பார்த்துப் பேசவும்.

அந்தக் குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்று ஊருக்கே தெரியும். போன பொதுக்கூட்டத்தில் தெல்மா எழுந்து, "மெர்வோட ஆண்டறிக்கை ஆண்டவிட நீளமா இருக்கு" என்றார். அன்று சாயங்காலமே எழுதியிருப்பார். நீக்கும் பட்டியலில் வம்பைச் சேர்க்கத்தான் மறந்துவிட்டார்.

தெல்மாவுக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. "என்ன போட்டிருக்கு? யாராவது படிங்களேன்."

யாரும் படிக்கவில்லை. கடைசியில் ஐரிஸ்தான் சமையலறை ஜன்னலில் இருந்து தெளிவாகப் படித்தார். புருஷனையே நீக்கிவிடுகிற மாதிரி ஒரு பார்வையும் பார்த்தார்.

தெல்மா எழுந்தார். எல்லோரும் இடி விழும் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரித்தார். தபாலாபீஸ் கவுண்டர் அதிரும் சிரிப்பு.

"அப்போ இந்தக் கிளப்புல இருக்கற ஒரே மெம்பர் நான்தான். நல்லது. தலைவர், செயலாளர், கமிட்டி எல்லாம் நானே. இப்ப ஒரு தீர்மானம் போடறேன், எதிர்க்க ஆளில்ல. ஷோனாம்மா, ஆடறவங்கள நீங்க கண்ணால பாத்தா ஒத்துக்குவீங்களா?"

"சொல்லப்போனா விதியே அதான். ஷீட்டெல்லாம் செயலாளர்ங்க பழக்கம்" என்றார் ஷோனா.

"எல்லாரும் வெளிய வாங்க. ஆளுக்கு ஒரு பந்து."

புல்தரை ஓரத்தில் வரிசை நின்றது. எங்கள் ஊரில் ஒவ்வொருவர் பந்திலும் அவரவர் அடையாளம் உண்டு. டட்லிக்கு மரங்கொத்தி, ஆர்ச்சிக்கு நங்கூரம், தெல்மாவுக்குத் தபால் தலை. ஒவ்வொருவராக உருட்டினார்கள். பந்துகள் வளைந்து வளைந்து போய்ப் பச்சைத் தரையில் நின்றன. ஷோனா விரல் விட்டு எண்ணினார். கடைசியாகத் தெல்மா குனிந்து விட்ட பந்து வெள்ளைப் பந்தை ஒட்டி, முத்தமிடுகிற மாதிரி நின்றது.

"பதினஞ்சு" என்றார் ஷோனா. குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

தெல்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்படி அவர் நின்றதை எங்களால் பார்க்க முடியவில்லை, ஆளாளுக்குத் தரையைப் பார்த்தோம். மெர்வ் மட்டும் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கோட்டும் சூட்டுமாக வராந்தாவில் நின்றிருந்தார்.

தெல்மா மெல்லத் திரும்பினார். "மெர்வ், உன் பேருக்கு எதிர என்ன எழுதி வெச்சிருக்க?"

"செயலாளர்… ஆடுவதில்லை."

"அழி."

"அது எப்படி? நிர்வாகத்துல இருக்கறவங்க ஆட்டத்துல…"

"அழிடாங்கறேன்!"

ஐரிஸ் அவர் கையிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டார். காரின் டிக்கியில் மெர்வின் பந்துகள் இன்னும் இருந்தன, கல்யாணப் பரிசாக மாமனார் கொடுத்தவை, தூசி படிந்து. டட்லி ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தார். மெர்வ் கோட்டைக் கழற்றினார். காலணியையும் கழற்றினார். காலுறையில் இருந்த பொத்தலோடு புல்லில் இறங்கி, குறி பார்த்து, மூச்சைப் பிடித்து உருட்டினார்.

அப்படி ஓர் உருட்டலை எங்கள் கிளப் கண்டதில்லை. பந்து நேராகப் போவதுபோல் பாசாங்கு செய்து, பாதியில் மனசு மாறி, இடது பக்கம் வளைந்து, பக்கத்து ஆட்டத்தரையைக் கடந்து, எல்லை தாண்டி, ஓரத்துப் பள்ளத்துக்குள் தொப்பென்று விழுந்தது.

ஷோனா பள்ளத்தை எட்டிப் பார்த்தார். எண்ண விரலைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து மெர்வின் வாய், வாழ்நாள் பழக்கம் விடுமா, தானாகவே திறந்தது.

"நியாயமாப் பாத்தா, பள்ளத்துல விழுந்தது நீங்கலா…"

"வாய மூடு!" ஒரே குரலில் பதினைந்து பேர். அதில் ஆர்ச்சியும் ஒருவர்.

"பதினாறு" என்று ஷோனா எழுதிக்கொண்டு, அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். தெல்மா தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, பள்ளத்தில் கிடந்த பந்தைத் தானே குனிந்து எடுத்து, தன் பாவாடையில் துடைத்து மெர்வ் கையில் கொடுத்தார்.

இப்போது கூராபினில் சனிக்கிழமைதோறும் பதினாறு பேர் ஆடுகிறார்கள். மெர்வ் இன்னும் பள்ளத்தில்தான் போடுகிறார். ஷீட்டும் இருக்கிறது, ஆனால் குறிப்புப் பத்தியில் இப்போது ஒரே ஒரு வரிதான். தெல்மாவுடையது. அதை அழித்துவிடுகிறேன் என்று அவர் எத்தனையோ முறை கெஞ்சிவிட்டார். "தொட்டே பாரு" என்கிறார் தெல்மா. "கிளப்புல என்ன மட்டும் மெம்பரா ஒத்துக்கிட்டது அந்த ஒரு வார்த்ததான்."

மெர்வைப் பார்த்துச் சிரித்தாயிற்று. நல்லது. உங்களிடம் எக்செல் ஷீட் கிடையாதுதான். மகள் கல்யாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று உட்கார்ந்தபோது, பெரியப்பாவுக்கு எதிரே ஒன்று, பழைய நண்பருக்கு எதிரே ஒன்று, மாடிவீட்டுக்காரருக்கு எதிரே ஒன்று என்று மனசுக்குள் எழுதிக்கொண்டீர்களே, அது என்ன பத்தி? எதுவுமே எழுத வாய்ப்புக் கொடுக்காமல், வந்தும் போயும் இருந்த அந்த ஒருவரின் பெயர் கடைசிவரை ஞாபகத்துக்கே வரவில்லையே, அவர் எந்தக் கட்டத்தோடு போனார்?

போகட்டும், கேட்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "அட, இது நம்ம இன்னார் மாதிரியே இருக்கே" என்று தெரிந்தவர்களில் நீங்கலாகத்தாரை விரல் விட்டு எண்ணினீர்கள் இல்லையா? எத்தனை பேர் தேறினார்கள்?

உங்களைச் சேர்த்தா, நீங்கலாகவா?